கம்ப்யூட்டரை அழவைத்த செக்கிங் அக்கா

கோவில்பட்டி வட்டாரத்தில் கம்ப்யூட்டரை முதன்முதலில் அழவைத்தவர் செக்கிங் அக்காதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழுதவன் நான்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். நானும் நண்பன் செல்வமும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தோம். ஆள் வராத நேரத்தில், இணையத்தில் ஓடும் ரத்ததானப் பதிவேடு ஒன்றை எழுதினோம். ரத்த வகையைத் தட்டினால், கொடுக்க முன்வந்தவர்களின் பெயரும் போன் நம்பரும் வரும். ஓப்பன் சோர்ஸ். அதாவது, எந்த ஊர்க்காரரும் எங்கள் நிரலை இலவசமாக எடுத்துத் தம் ஊருக்குத் தக்கபடி திருத்திக்கொள்ளலாம். உலகமே வரிசையில் நிற்கப்போகிறது என்று நம்பினோம்.

அக்காவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் செக்கிங் வேலை. பெட்டியைக் காதருகே ஒரு குலுக்குக் குலுக்கி, "ரெண்டு குச்சி குறையுது" என்பார். எண்ணினால் இரண்டு குறையும். தங்கை மகளின் பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க வந்தவர், எங்கள் பதிவேட்டை எட்டிப் பார்த்தார்.

"இதை யாரு தம்பி செக் பண்ணுனா?"

"நாங்களேதான் அக்கா."

"செஞ்சவனே செக் பண்ணுனா வெளங்குமா? தள்ளு."

அன்று உட்கார்ந்தவர், பிறகு தினமும் வேலை முடிந்து வர ஆரம்பித்தார். முதல் நாள் 'பதிவு செய்' பொத்தானை ஒன்பது முறை அழுத்தினார். பதிவேட்டில் ஒன்பது அக்காக்கள் வரிசையாக நின்றார்கள்.

"ஏன்க்கா இத்தனை தடவை?"

"அது ஒண்ணும் பதில் சொல்லலையே. காது கேக்கலன்னா திரும்பத்தான கூப்பிடுதோம்?"

வயது என்ற கட்டத்தில், 'அது எதுக்கு?' என்று அடித்தார். எங்கள் நிரல் அதையும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னது. தூத்துக்குடித் தோழி ஒருவரின் பெயரை 'டி'ரோஸ்' என்று நடுவில் ஒற்றை மேற்கோள் குறி வைத்து அடித்தார். பெயர் அங்கேயே முடிந்துவிட்டது என்று நிரல் குழம்பி, மொத்தப் பதிவேடும் அப்படியே படுத்துவிட்டது. எழுப்ப எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

செல்வம் எழுதிய கையேட்டையும் அக்கா விடவில்லை. வரிக்கு வரி அதன்படியே செய்தார். கம்ப்யூட்டர் திரையில் விரியும் கட்டத்தை மனதில் வைத்து, 'வேலை முடிந்ததும் ஜன்னலை மூடவும்' என்று எழுதியிருந்தான். எழுந்துபோய் சென்டரின் இரண்டு ஜன்னல்களையும் சாத்திவிட்டு வந்தார். கத்திரி வெயில். வியர்வையில் குளித்தபடி செல்வம் அந்த வரியைத் திருத்தினான்.

பெரிய சண்டை வந்தது ஓ நெகட்டிவ் விஷயத்தில். ஓ என்ற ஆங்கில எழுத்து வரவேண்டிய இடத்தில் அக்கா சைபரை அடித்தார். ஒரு பெயரும் வரவில்லை.

"அது எழுத்துக்கா. நீங்க அடிச்சது சைபர்."

"ரெண்டும் வட்டந்தானே?"

"கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற."

"கம்ப்யூட்டரா ரத்தம் குடுக்கப்போவுது? மனுசன் மாத்தித்தான் அடிப்பான். ஒம் பெட்டிதான் புரிஞ்சுக்கிடணும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இது படிச்சவங்களுக்காகச் செஞ்சதுக்கா" என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "ரத்தம் படிச்சவுகளுக்கு மட்டுமா வேணும்?" என்றார். எழுந்து போகவும் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, சைபரும் ஓவும் ஒன்றுதான் என்று நிரலில் எழுதி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பத்து நாள் கழிந்திருக்கும். காலையில் கழுகுமலைக்காரர் ஒருவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். மனைவிக்குப் பிரசவம், ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும், ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை, இங்கே கேட்கச் சொன்னார்களாம். நான் தட்டினேன். ஒரே ஒரு பெயர் வந்தது. புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைப்பவர். செல்வம் போன் போட்டான்.

"மிசினை நிப்பாட்டிட்டேன் அண்ணாச்சி. இந்தா வாரேன்" என்றார் அவர்.

வந்தார். கொடுத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அன்று சாயங்காலம் அந்தத் தையல்காரரின் பதிவைத் திறந்து பார்த்தேன். ரத்த வகைக் கட்டத்தில் சைபர் போட்டு, பக்கத்தில் நெகட்டிவ் என்று அடித்திருந்தார். அக்கா உட்கார்ந்து திருத்த வைத்திருக்காவிட்டால் அந்த ஒரு பெயரும் வந்திருக்காது.

அக்கா வந்ததும் சொன்னேன்.

"என்ன பிள்ளை?"

"பொம்பளப் பிள்ளைக்கா."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, தள்ளு. இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி கெடக்கு" என்றார்.

இப்படிப்பட்ட மென்பொருளோடு, உருவாக்கியவர்களின் பெயர்ப் பட்டியலும் போகும். அதில் என் பெயரை இரண்டாவது வரிக்கு இறக்கிவிட்டு, முதல் வரிக்கு அக்காவின் முழுப் பெயரைக் கேட்டேன்.

"செக்கிங் அக்கான்னே போடு. தப்பு இருந்தா யாருகிட்ட வரணும்னு தெரியணும்லா?"

அதன் பிறகு நான் எழுதிய நிரல்களை எத்தனையோ பெரிய படிப்புக்காரர்கள் சோதித்துப் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் நன்றி சொல்லிக்கொள்வேன். ஆனாலும், பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு "தள்ளு" என்று அக்கா ஒருமுறை சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும்போல் இருக்கும்.