பெண் கேட்டு வந்தவர்களிடம் சான்று கேட்டது பற்றி

சால்ட்பாண்ட்,
செவ்வாய்க்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் எபோ அவர்களுக்குக் கோபினா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் பெண்கள் இருவரும் சுகம். டமாலேயில் வெயில் கொளுத்துகிறதாமே, உங்கள் முழங்கால் அதற்கு ஒத்துழைக்கும் என்று நம்புகிறேன்.

மச்சான், என் மூத்த மகள் அராபாவுக்கு நிச்சயம் ஆகிவிட்டதா இல்லையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் அந்த இடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் சின்னவள் எக்குவாவால் வந்தது. ஆங்கிலப் பரீட்சையில் ஒரு பத்தியைக் கொடுத்துக் கீழே கேள்வி கேட்பார்கள் அல்லவா, அதில் இவளுக்கு முப்பதுக்கு ஆறு. வாத்தியாரிடம் போய் நின்றேன். "பொண்ணுக்குக் கதை புரியுதுங்க, கேள்விதான் புரியல. அனுமானிக்க, ஒப்பிடுக, நியாயப்படுத்துகன்னு வந்தா பேந்தப் பேந்த முழிக்கிறா" என்றார். அப்படிப் பன்னிரண்டு சொற்களை அவள் நோட்டில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றையும் வீட்டுப் பேச்சில் மூன்று தடவை பயன்படுத்தினாள் என்று தகப்பன் கையெழுத்திட வேண்டும் என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து இந்த வீட்டில் உப்பு கேட்டால்கூடக் காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. சோளமாவுக் கெங்கே உருண்டை சின்னதாக இருக்கிறது என்று தெரியாமல் சொல்லிவிட்டேன், "எதோட ஒப்பிடுறீங்கப்பா?" என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

சனிக்கிழமை பையன் வீட்டார் வழக்கப்படி அராபாவைப் பெண் கேட்டுக் கதவு தட்ட வந்தார்கள். பையன் வேறு யாருமில்லை, படகு இயந்திரம் பழுது பார்க்கும் ஃபீஃபிதான். மேசைமேல் இரண்டு பாட்டில் ஜின்னை வைத்தார்கள். அராபா உள்ளறையில் இருந்தாள். அவர்கள் சார்பில் பேச வந்த பெரியவர் ஜோஜோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தப் பக்கமா போயிட்டிருந்தோம். உங்க தோட்டத்துல ஒரு அழகான பூவைப் பாத்தோம். பறிச்சிட்டுப் போகலாமான்னு கேக்க வந்தோம்" என்றார். நம் பக்கம் பேச வேண்டியவள் என் அக்கா அட்ஜோவா. அவள் வாயைத் திறப்பதற்குள், தண்ணீர் கொடுக்க வந்த எக்குவா முந்திக்கொண்டாள்.

"தாத்தா, எங்க வீட்டுல பூச்செடியே இல்ல. வாழையும் தண்ணித் தொட்டியும்தான் இருக்கு. நீங்க பூவைப் பாத்ததுக்குச் சான்று இருக்கா?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா."

"அப்போ நாங்க அனுமானிச்சுக்கணும். சரி. இந்த வீட்டுல கல்யாணம் ஆகாதவங்க ரெண்டு பேர் இருக்கோம். எந்தப் பூன்னு நீங்க சொல்லவே இல்லியே. ரெண்டு பேரையும் ஒப்பிட்டு வேறுபடுத்துங்க."

"உள்ள போடி," என்றாள் அக்கா.

"ஒரே நிமிஷம் அத்தை, இன்னும் ஒண்ணு பாக்கி. தாத்தா, பறிச்சா பூ வாடிடும். பறிக்கத்தான் வேணும்கிறதைக் காரணம் காட்டி நியாயப்படுத்துங்க."

நாற்பது வருடமாகப் பெண் கேட்டுப் பழகிய பெரியவர், மச்சான், அவருக்கு வேர்த்துவிட்டது. "நாங்க பொண்ணு கேக்க வந்தோமா, பரீட்சை எழுத வந்தோமா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள். அராபாவைக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்கும் கட்டம் வரவேயில்லை. பாட்டில்களை அவர்கள் எடுத்துப் போகவும் இல்லை, நாங்கள் திறக்கவும் இல்லை. திறந்தால் சம்மதம், திருப்பி அனுப்பினால் மறுப்பு. சும்மா நின்றால் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை.

அராபாவின் மனதைத் தெரிந்துகொள்ள நாங்களே அனுமானிக்கத் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கெங்கே சாப்பிட்டாள், அதனால் ஆசை இருக்கிறது என்றாள் உங்கள் தங்கை. ஆசை இருக்கிற பெண்ணுக்குச் சோறு இறங்காது என்றாள் அக்கா. அராபா துணி துவைக்கும்போது பாடினாள், திங்கட்கிழமை புதிதாகத் தலை பின்னிக்கொண்டாள். எல்லாவற்றையும் எக்குவாவின் நோட்டிலேயே கோடு போட்டு எழுதிக் கூட்டிப் பார்த்ததில், அவளுக்குப் பூரண சம்மதம் என்று தெளிவாகிறது. ஆனால் தகப்பன் போய் நேரே கேட்பது முறையல்ல, கேட்க வேண்டியவர் தாய்மாமனாகிய நீங்கள். ஆகையால் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் தயவுசெய்து வந்து, பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு, அராபாவிடம் ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்டு, பாட்டிலைத் திறந்துவிடுங்கள். வரும்போது எக்குவாவை நன்றாகக் கண்டிக்கவும். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான், ஒரு நல்ல சம்பந்தம் அந்த நோட்டால் போய்விடக் கூடாது.

உங்கள் வீட்டில் பெரியவர் முதல் கைக்குழந்தை வரை எல்லோருக்கும் எங்கள் அன்பு. ஆண்டவர் உங்கள் முழங்காலைக் காப்பாராக.

இப்படிக்கு,
கோபினா

பின்குறிப்பு: உறையில் உங்கள் முகவரி எழுதித் தரச் சொல்லி அராபாவைக் கூப்பிட்டேன். முறையாவது ஒன்றாவது என்று, உனக்குச் சம்மதமா எனக் கேட்டேவிட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "ஃபீஃபி நல்லவர்தான்ப்பா. எனக்கு வேண்டாம். அன்னிக்குக் கூப்பிட்டிருந்தீங்கன்னா, அத்தனை பேர் முகத்தையும் பாத்துட்டு ஆமான்னு சொல்லியிருப்பேன். அவங்க எழுந்து போனப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு" என்றாள். இத்தனை நாள் ஏனம்மா சொல்லவில்லை என்றேன். "யாருமே கேக்கலியேப்பா" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நீங்கள் பஸ் ஏற வேண்டாம். எக்குவாவின் நோட்டில் பன்னிரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாட்டில்களை நாளை நானே கொண்டுபோய்த் திருப்பித் தருகிறேன். அங்கே போய் என்ன பேசுவதென்றுதான் தெரியவில்லை, எக்குவாவை அழைத்துக்கொண்டு போகிறேன்.