மச்சான், காரை வந்து எடுத்துக்கொண்டு போங்கள்

கரிக்கலாம்பாக்கம்,
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் ஆரோக்கிய பிரகாஷ் அவர்களுக்கு, சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லி தனிஸ்லாஸ் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை கிரேஸ் மேரியும் மகள் ஜெனிபரும் நல்ல சுகம். சென்னையில் நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். சுகம் விசாரித்தாகிவிட்டது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் ஒன்றுதான். ஜெனிபர் ஓட்டிப் பழகட்டும் என்று நீங்கள் கொடுத்தீர்களே ஒரு பழைய கார், அதை ஞாயிற்றுக்கிழமை கார்ப் பந்தயத்துக்கு முன்னால் வந்து எடுத்துக்கொண்டு போய்விடவும். போனில் சொல்லலாம்தான். ஆனால் ஆரம்பித்ததும் "சுருக்கமா சொல்லுங்க மாப்ள" என்பீர்கள். இது சுருங்காத விஷயம்.

போன பந்தயத்தில் அவள் இரண்டாவதாக வந்ததும், கையில் கொடுத்த கோப்பையை அரை மணியில் திரும்ப வாங்கிக்கொண்டதும் உங்களுக்குத் தெரியும். அவள் ஓட்டும் பிரிவில் இன்ஜின் சக்தி தொண்ணூறு எச்.பி.யைத் தாண்டக்கூடாது. பந்தயம் முடிந்து, நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றவிட்டு சக்தி அளக்கிற ரோலர் மேல் ஏற்றி அளந்தால் இவளுடையது தொண்ணூற்று மூன்று. அதற்குள் நம்ம ஊர்ப் பசங்கள் ஊர் முனையில் பேனர் கட்டிவிட்டார்கள், "மாபெரும் இரண்டாம் இடம்" என்று, ஹெல்மெட்டோடு ஜெனிபர், ஓரத்தில் வட்டத்துக்குள் என் பழைய ரேஷன் கார்டு போட்டோ. அது இன்னும் தொங்குகிறது. பூசைக்குப் போகிற வழியில் தினம் அதற்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு போகிறேன். இன்னொரு தடவை அளவு தாண்டினால் இந்த வருஷம் முழுக்க ஓட்ட முடியாது என்று பந்தயக் கமிட்டி சொல்லிவிட்டது. இன்னொரு தடவை மானம் போனால் காரை விற்றுவிடுவேன் என்று நீங்களும் சொல்லிவிட்டீர்கள். நான் உங்கள் கட்சிதான் மச்சான். விற்றுவிடுங்கள். வரும்போது அந்தப் பேனரையும் அவிழ்த்துவிட்டுப் போனால் புண்ணியமாகும், என்னால் ஏணி ஏற முடியவில்லை.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை, அதனால்தான் இதில் தலையிட்டேன். பந்தயத்துக்குப் போகிறவன் வண்டியை வேகமாக்குவான். இவளும் இவள் மெக்கானிக்கும், இருக்கிற சக்தியைக் குறைக்க ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வில்லியனூரில் கடை வைத்திருக்கிற அந்த மெக்கானிக் கிளாட்சனிடம் போய்க் கேட்டேன். அவன் பொறுமையான பையன். இன்ஜினுக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதாம், பெட்ரோலை எவ்வளவு பீய்ச்சுவது, தீப்பொறி எப்போது என்பதையெல்லாம் அதுதான் சொல்கிறதாம், அப்படிச் சொல்ல அதற்குள் எழுதி வைத்திருப்பதற்குத்தான் ட்யூன் என்று பெயராம். போன தடவை போட்டது இவனே எழுதியது. இந்தத் தடவை கமிட்டி ஒத்துக்கொண்ட ட்யூன்களில் ஒன்றைத்தான் போடலாம். நம்ம காருக்கு அப்படி இரண்டு இருக்கிறது. ஒன்றாவது, மேலே போகப்போக ஏறி உச்சியில் தொண்ணூறை உரசுவது. இரண்டாவது, எண்பத்தாறோடு நின்றுவிடும், ஆனால் அடியிலிருந்தே ஒரே மாதிரி இழுக்கும். லேப்டாப்பில் இரண்டு கோடு காட்டினான், ஒன்று தென்னை மரம் ஏறுவது போல, இன்னொன்று நம்ம ஏரிக்கரை மாதிரி. ஏரிக்கரையையே பார்த்துக்கொண்டு நின்றேன் மச்சான். டீ ஆறிப் போயிற்று.

"அங்கிள், உச்சியில எவ்ளோன்னு பாக்காதீங்க. வளைவுலேர்ந்து வெளிய வரும்போது இன்னா இழுக்குதுன்னு பாருங்க" என்றான். முப்பது வருஷம் மின்சார இலாகாவில் இருந்தவனுக்கு அது சட்டென்று பிடிபட்டது. அடுத்த கொல்லைக்காரர் சாமிநாதன் பெரிய எச்.பி.யாகப் பார்த்து மோட்டார் வாங்கி இறக்கினார். சித்திரையில் கரண்ட் இறங்கும்போது அது உறுமுமே தவிரத் தண்ணீர் வராது. என் சின்ன மோட்டார் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருக்கும். இதைச் சொன்னால் ஜெனிபர் சிரிக்கிறாள், அவளுக்கு ஒன்றாவதுதான் வேண்டுமாம், உச்சியில் அந்த இழுப்பு இல்லாவிட்டால் ஓட்டுகிற மாதிரியே இல்லையாம்.

சரி, ஓட்டியே பார்ப்போம் என்று மூன்று பேரும் போனோம். நம்ம வயலுக்குப் பின்னால் வயலெல்லாம் மனை போட்டு, தார் ரோடும் போட்டு, வாங்க ஆளில்லாமல் கிடக்கிறதே, அந்த இடம். வீடும் இல்லை, ஆடும் இல்லை, கலர் அடித்த கல்லும் ரோட்டு வளைவும்தான். கிளாட்சனுக்கு மதியச் சாப்பாடு என்று உங்கள் தங்கை வஞ்சிரக் குழம்பைத் தூக்கில் கொடுத்திருந்தாள், அது என் மடியில். முதலில் ஒன்றாவது ட்யூன். வளைவு முடிந்தும் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, திடீரென்று முதுகில் உதைத்தது, குழம்பு என் சட்டைக்கு வந்தது. ஜெனிபர் "பாத்தியாப்பா" என்றாள், பெருமையாக. பிறகு கிளாட்சன் ஒயர் மாட்டி இரண்டாவதை ஏற்றினான். உதையே இல்லை. யாரோ கையை வைத்து அமுத்துகிற மாதிரி சீட்டோடு சேர்த்து அமுத்திக்கொண்டே போயிற்று. கடைசிக் கல்லுக்கு முதல் தடவையைவிட சீக்கிரம் வந்துவிட்டோம், மிச்சக் குழம்பு தூக்கிலேயே இருந்தது. நான் இரண்டாவதுதான் என்றேன். அவள் ஒன்றாவதுதான் என்றாள். ஓட்டுகிறவள் அவள்தானே. மறுநாள் காரை மினி லாரியில் ஏற்றிப் போய், கமிட்டி ரோலரில் உச்சி வெயிலில் அளந்து, எண்பத்தொன்பது என்று சொல்லி, யாரும் ட்யூனை மாற்ற முடியாதபடி கம்ப்யூட்டர் பெட்டிக்கு முறுக்குக் கம்பி கட்டி ஈயக் குண்டு அமுக்கி சீல் வைத்து அனுப்பினார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். நேற்றுக் காலை பானெட்டைத் திறந்து சும்மா பார்த்தேன். மச்சான், அதுவா சீல்? கம்பி தொளதொள என்று தொங்குகிறது, குண்டு கோணல், அச்சு பாதிதான் பதிந்திருக்கிறது. மீட்டருக்கு சீல் வைத்தே ரிட்டையர் ஆனவன் இதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பான்? வேலை பழக வைத்திருந்த என் பழைய சீல் இடுக்கி பரணில் இருந்தது. கமிட்டி சீலைக் கத்தரித்து எறிந்துவிட்டு, புதுக் கம்பி போட்டு, இரண்டு முறுக்கு முறுக்கி, குண்டை வைத்து அழகாக அமுக்கிவிட்டு, பாராட்டுவாளே என்று மகளைக் கூப்பிட்டேன்.

"இன்னாப்பா பண்ண நீ?" என்றாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சீல் உடைந்தால் ட்யூனை மாற்றியதாகத்தான் அர்த்தமாம். பழைய குண்டை ஒட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று கிளாட்சன் போனில் சொன்னான். இவள் கேட்கவில்லை. கமிட்டிக்காரருக்குத் தானே போன் போட்டாள். "சார், எங்கப்பா சீலை ஒடச்சி வேற சீல் போட்டுட்டாரு. கெட்ட எண்ணம் இல்ல சார். ஈபில இருந்தாரு, கை நிக்கல." அவர், திரும்பக் கொண்டு வாங்க, அளந்துவிட்டுச் சொல்கிறோம் என்றாராம்.

இன்று விடியற்காலை போனோம், நானும் கூடவே. ராத்திரி பெய்த மழையில் நல்ல குளிர். ரோலரில் ஏற்றினார்கள், அதே கார், அதே ஒன்றாவது ட்யூன். தொண்ணூற்று ஒன்று. குளிர்ந்த காற்றில் இன்ஜினுக்கு பலம் கூடுமாம். சீல் உடையாமல் இருந்து, ஞாயிற்றுக்கிழமையும் இப்படி மழை பெய்தால், ஜெயித்த பிறகல்லவா மாட்டுவாள். அதிகாரி என்னைப் பார்த்தார், ஈயக் குண்டைப் பார்த்தார், கம்ப்யூட்டர் பெட்டியில் ஒயர் மாட்டிப் பார்த்துவிட்டு, ட்யூனை மாற்றவில்லை என்று தெரிகிறது, பந்தயத்துக்கு முன் அளந்தது கணக்கில் வராது, வேண்டுமானால் இப்போது மாற்றிக்கொள்ளுங்கள், இது கடைசி என்றார். ஜெனிபர் ரோலர் காட்டிய எண்ணை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, உன் ரெண்டாவதையே போட்டுடலாமா?" என்றாள். இருபத்தாறு வயதில் என்னிடம் எதையும் கேட்டுச் செய்தவள் இல்லை. உடனே தலையை ஆட்டினேன்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், இத்தனை வில்லங்கம் நமக்கு வேண்டாம். தவறாமல் சனிக்கிழமையே வந்து காரை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். பந்தயமும் வேண்டாம், கோப்பையும் வேண்டாம். உங்கள் தங்கை வஞ்சிரம் வாங்கி வைப்பாள். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் தோத்திரம், பிள்ளைகளுக்கு ஆசீர். அந்தோணியார் உங்களை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
தனிஸ்லாஸ்

பின்குறிப்பு: ஞாயிறு சாயங்காலம், பந்தய மைதானத்திலிருந்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை அனுப்பத்தான் இருந்தேன், சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. காருக்காக வரவேண்டாம். காலையில் மழை. மூன்றாவதாக வந்தாள். வளைவுக்கு வளைவு ஒவ்வொருத்தனாகத் தாண்டினாள், நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது, இரண்டாவது என்று கத்தினேன், பக்கத்தில் இருந்தவர்கள் இடத்தைச் சொல்கிறேன் என்று நினைத்து, இல்லை சார், மூணாவது என்று திருத்தினார்கள். ரோலரில் எண்பத்தேழு. கோப்பையை யாரும் திரும்பக் கேட்கவில்லை, நான்தான் மடியில் வைத்திருக்கிறேன். பேனரை அவிழ்க்க வேண்டாம், "இரண்டாம்" மேல் "மூன்றாம்" என்று ஒட்டினால் போதும், ஏணியில் நானே ஏறிக்கொள்கிறேன். நீங்கள் ஒரே ஒரு உதவி செய்ய வேண்டும். என் சீல் இடுக்கியை ஜெனிபர் பிடுங்கித் தன் பையில் பூட்டி வைத்திருக்கிறாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். வாங்கித் தாருங்கள். அளந்துவிட்டு இன்று வைத்த சீலும் கோணல்தான் மச்சான்.