கடுகண்ணாவையில் கொதிக்காத கேத்தல்

வீட்டில் பேச ஆளில்லாதவனுக்குக் கடைக்காரர்கள்தான் சொந்தக்காரர்கள். நான் கண்டி நகரம் முழுக்க இன்வர்ட்டர் தேடி அலைந்த கதையின் சுருக்கம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் மானம் போன விவரம்.

மனைவி ஓமானில் ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலைக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. மகள் யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நானும் டிவியும் மட்டும். (இரண்டு பேரில் டிவிதான் கலகலப்பு.) ஒருநாள் மனைவி போனில் சொன்னாள்: "நான் ஒரேயடியா வந்துர்றேங்க. இங்க மெஷின் டீ குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப் போச்சு. வந்து எறங்குனதும் உங்க கையால பாலில்லாம ஒரு பிளேன்டீ குடிக்கணும்."

வேறு எவனாவது என்றால் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பான். நான் ஒரு திட்டம் போட்டேன். எயார்போர்ட்டில் அவள் காரில் ஏறி உட்கார்ந்ததும், காருக்குள்ளேயே மின்சாரக் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வேண்டும். அதற்கு, கார் பற்றரியின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும் இன்வர்ட்டர் என்ற பெட்டி வேண்டும். அதுவும் நம்பகமானதாக வேண்டும்.

அந்தப் பெட்டிக்காக ஏறி இறங்கிய கடைகள் அளவுக்கு, பெண் பார்ப்பதற்குக்கூட நான் வீடு ஏறி இறங்கவில்லை. எத்தனை வாட், சூடேறினால் தானாக நிற்குமா, உள்ளே இருக்கிற காற்றாடி சத்தம் போடுமா என்றெல்லாம் கேட்பேன். கடைக்காரர் கதிரையை இழுத்துப் போடுவார். அப்புறம் மெதுவாக, "வைஃப் வர்றாங்க" என்று ஆரம்பிப்பேன். உண்மையைச் சொன்னால் பெட்டியை விட அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் போனேன். வாங்கிவிட்டால் நாளைக்குப் போக இடமிருக்காது என்பதால் வாங்காமலே திரும்பி வருவேன்.

பயமும் இருந்தது. நான்கு வருடமாகப் போனில் "சாப்டீங்களா, சாப்ட்டேன்" என்று மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன பேசுவது? கேத்தலாவது கொதித்தால் கைக்கு ஒரு வேலை இருக்கும்.

கடைசியில் பெட்டியை விற்றவர் குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா. என்னைப் பல தடவை சகித்துக்கொண்ட மனிதர்.

"அண்ணன், நல்லாக் கேட்டுக்கோங்க. இத நேரா பற்றரியில கொழுவுங்க. இஞ்சின ஸ்டார்ட்ல வெச்சிட்டுத்தான் கேத்தல் போடணும். பற்றரி எறங்கினா இந்தப் பெட்டியே சத்தம் போட்டுச் சொல்லும்" என்றார்.

நான் அந்த நேரத்தில் என் மனைவி சீனி குறைவாகத்தான் போட்டுக்கொள்வாள் என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவள் வருகிற நாள் காலையிலேயே புறப்பட்டேன். கண்டியிலிருந்து இறங்கும் கடுகண்ணாவை மலைப்பாதையில் ஒரு யோசனை வந்தது (எனக்கு யோசனை வராத நாட்களில் நான் பத்திரமாக இருந்திருக்கிறேன்). ஒரு வெள்ளோட்டம் பார்த்தால் என்ன? ஓரமாக நிறுத்தி, பொனட்டைத் திறந்து, பெட்டியின் கவ்விகளைப் பற்றரியில் மாட்டி, பெற்றோல் வீணாகக் கூடாதென்று இஞ்சினை அணைத்தேன். கேத்தல் உஸ்ஸென்று முனகத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் "பீப், பீப்" என்றது பெட்டி. தண்ணீர் கொதித்ததைக்கூடச் சொல்கிறதே, என்ன புத்திசாலிப் பெட்டி என்று பூரித்துப்போனேன்! விரலை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புத்தான். இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் என்று விட்டேன். அப்புறம் பெட்டியும் அடங்கியது, கேத்தலும் அடங்கியது. சாவியைத் திருப்பினேன். காரும் அடங்கிவிட்டிருந்தது.

ஓட்டோ ஒன்று நின்றது. ஓட்டி வந்தவன் தலையை நீட்டினான். "தள்ளிப் பாப்பமா ஐயா?"

"இது ஓட்டோ கியர் தம்பி, தள்ளுனா ஸ்டார்ட் ஆகாது."

அவன் துக்க வீட்டில் பார்ப்பது போல் என்னைப் பார்த்துவிட்டுப் போனான். கராஜ்காரருக்குப் போன் போட்டேன்; "இந்தா வந்துட்டேன்" என்றார். அதை நம்பி, வந்த பஸ்ஸையெல்லாம் விட்டேன். எயார்போர்ட்டுக்குப் போகிற வேன்கள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் இறங்கின. உள்ளே பிள்ளைகள், பூச்செண்டுகள், சிரிப்பு. அந்த நான்கு வருடத்திலும் நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை. அழுகையே வந்துவிட்டது.

பிற்பகலில் எயார்போர்ட் வைஃபையில் இருந்து அவள் கூப்பிட்டாள். "வெளிய வந்துட்டேங்க. எங்க நிக்கிறீங்க?"

"கடுகண்ணாவையில."

"அங்கயே இருங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

வாடகை வேனில் பெட்டிகளோடு வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். கேத்தல், கவ்வி, தேயிலைப் போத்தல், இரண்டு கோப்பை எல்லாவற்றையும் பார்த்தாள். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டாள்.

"ஏங்க, ஒரு ஃபிளாஸ்க்ல ஊத்திக் கொண்டாந்திருக்கலாமே?"

சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை. நான் ஏறி இறங்கிய கடைகளில் பாதியில் ஃபிளாஸ்க்தான் முன்னால் அடுக்கியிருந்தது.

கராஜ்காரரை எதிர்பார்க்காமல் காரைப் பூட்டிவிட்டு அவளுடைய வேனில் ஏறினேன். வீடு வரும்வரை திட்டினாள். பேச்சுக்குப் பஞ்சமே இல்லை.

இப்போதும் யாரையாவது அழைத்துவர எயார்போர்ட் போக வேண்டுமென்று நான் சாவியை எடுத்தால், விடுமுறைக்கு வந்திருக்கும் மகள் கேட்பாள்: "அம்மா, அப்பாவ எந்த எடத்துல வந்து ஏத்தணுமாம்?"

மனைவி குசினியில் சமைத்தபடியே பதில் சொல்வாள்: "எங்க நின்னாலும் ஏத்திக்குவேன்னு சொல்லு. கேத்தல மட்டும் வீட்டுல வெச்சிட்டுப் போகச் சொல்லு."