நெல் வயலில் சொட்டுக் குழாய்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நான், வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லோரும் சுகம், கிணறும் சுகம். நெல்லைப் பற்றி மட்டும் உடனே கேட்காதே, நானே சொல்கிறேன்.

தண்ணீரை மிச்சம் பிடிக்க நெல்லுக்கும் சொட்டுநீர்க் குழாய் போடு, இல்லையென்றால் வயலை வேறு ஆளுக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவேன் என்று நீ சொன்னாய். வயல் உன்னுடையது, வாயை மூடிக்கொண்டு போட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கணுக்கால் தண்ணீரில் நெல் நிற்பதைப் பார்த்தே வளர்ந்த கண் இது. இப்போது வயலுக்குள் செருப்போடு நடக்கலாம். ஒரு கொக்கு வந்து இறங்கி, இடம் மாறி வந்துவிட்டோமோ என்று சுற்றிப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. வீட்டுக்காரியோ, "கண்ணுக்கு மருந்து விடுற மாதிரி விடுறீங்களே, இதுல சோறு வருமா?" என்கிறாள். பக்கத்து வயல் மீசைக்காரர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து, மோட்டார் ரிப்பேரா என்று கேட்டார். கடைசி வரப்பில் தண்ணீர் முட்டினால்தானே பாய்ச்சி முடிந்தது என்று அர்த்தம்? சொட்டுகிற தண்ணீர் எந்தக் காலத்தில் முட்டுவது? மனசு கேட்காமல் குழாய்களின் கடைசி மூடிகளையெல்லாம் கழற்றிவிட்டு மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் அருமையாக வந்தது, மீசைக்காரர் வயலுக்கு. மூன்று நாளில் நம் பயிர் வாடிப்போனது. குழாய் போட்ட ஆள் வந்து தலையில் அடித்துக்கொண்டு, மூடிகளை மாட்டிவிட்டுப் போனான். அதன்பிறகு அணில் குழாயை இரண்டு இடத்தில் கடித்தது. களை மட்டும் யார் தயவும் இல்லாமல் செழிக்கிறது.

பயமாக இருக்கிறது அக்கா. பயிர் போனால் வயலும் போகும், வயல் போனால் எனக்கு வேறு வேலை தெரியாது. குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கிணற்றில் இருப்பதை அப்படியே பாய்ச்ச ஒரு வார்த்தை அனுமதி கொடு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

அத்தானுக்கு வணக்கம். மருமகள் நூறு வயசு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கையைப் பிசைந்துகொண்டிருக்கும் தம்பி

பி.கு.: பயந்துகொண்டு நாலு நாளாக எட்டிப் பார்க்காத வயல் வழியாகத்தான் தபால் போடப் போனேன். கதிர் வந்திருக்கிறது அக்கா, வயல் முழுக்க. மேலே கேட்ட அனுமதியைக் கொடுத்துத் தொலைக்காதே. மீசைக்காரர் கிணறு முந்தாநாளே வற்றிவிட்டதாம், அவர் நெல் வெடித்த மண்ணில் நிற்கிறது. நம் வரப்பில் வெகு நேரம் நின்று பார்த்துவிட்டு, "இது யாரு யோசனை தம்பி?" என்று கேட்டார். என்னுடையது என்று சொல்லிவிட்டேன். நீ வரும்போது மாற்றிச் சொல்லிவிடாதே.