ஊதுபத்திக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ்

ஹெப்பாள், மைசூர்
10.5.1996, வெள்ளிக்கிழமை

மிகுந்த மரியாதைக்குரிய மச்சான் சவரிமுத்து அவர்களுக்கு, உங்கள் தங்கை நிம்மியின் கணவன் மரியராஜ் பணிவுடன் எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையில் நிம்மியும் குழந்தைகளும் சுகம். நானும் சுகம் என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

ஊதுபத்திக் கம்பெனியில் நான் ஏற்றுமதி குமாஸ்தா என்று உங்கள் ஊர் மார்டள்ளி முழுக்கப் பெருமையாகச் சொல்வீர்களே, அந்த வேலைதான் இப்போது என் உயிரை வாங்குகிறது. விஷயம் இதுதான். நாம் ஏழை நாடு என்பதால் நம் சரக்குக்கு வெளிநாட்டில் சுங்க வரியைத் தள்ளுபடி செய்கிறார்கள். தள்ளுபடி இருப்பதால் அங்கே ஒருவர் நம் பத்தியை வாங்குகிறார், அவர் வாங்குவதால் உங்கள் ஊர்ப் பெண்கள் இருபத்திரண்டு பேர் இங்கே பத்தி தேய்த்துப் பிழைக்கிறார்கள். ஆனால் சரக்கு இந்த நாட்டில்தான் பிறந்தது என்று கூடவே ஒரு சான்றிதழ் போக வேண்டும். அதில் உறுதிமொழிக் கையெழுத்து போட்டவன் நான். போட்ட கையோடு, சிக்கனமாக இருக்கட்டுமே என்று பழைய அட்டைப்பெட்டிகளை நானே பொறுக்கி வாங்கி, பத்தியை அடைத்து அனுப்பினேன். நல்ல கெட்டிப் பெட்டி, மச்சான். ஒவ்வொன்றின் அடியிலும் 'மேட் இன் தைவான்' என்று அச்சடித்திருந்ததை அந்த ஊர்த் துறைமுகத்துக்காரன்தான் முதலில் கவிழ்த்துப் பார்த்திருக்கிறான்.

சரக்கு அங்கேயே நிற்கிறது. பத்தி உண்மையிலேயே இங்கே செய்யப்படுகிறதா என்று கண்ணால் பார்க்க, வருகிற புதன்கிழமை பெங்களூரிலிருந்து அதிகாரி வருகிறார். வந்தால் எதைப் பார்ப்பார்? இருபத்திரண்டு பேரும் உங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவில் இருக்கிறார்கள். மேஸ்திரி பழனாத்தாள் நம்மைப் போல் கிறிஸ்தவள்கூட இல்லை, ஆனாலும் தேர்ச் சாப்பாட்டுக்கு முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். முதலாளி பசவராஜிடம் போய் அழுதேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "கையெழுத்து உங்களுது தானே சுவாமி? கூப்பிட்டா நீங்கதான் போகணும்" என்றார். அவர் சொல்வது ஜெயிலைத்தான் என்று வீட்டுக்கு வந்து இரண்டு வேட்டியை மடித்து வைத்துக்கொண்டேன்.

பயத்தில் நானும் நிம்மியும் பத்தி தேய்த்துப் பார்த்தோம். என்னுடையது முருங்கைக்காய் பருமனில் வந்தது. நிம்மி அதைத் தூக்கிப் பார்த்து, "இதைக் காட்டுனா, தைவான்லகூட இப்படிச் செய்ய மாட்டாங்கன்னு எழுதிட்டுப் போயிடுவாரு" என்கிறாள். காக்கிச் சட்டை யார் போட்டிருந்தாலும் எனக்குப் போலீஸ் என்றே தோன்றுகிறது. நேற்று பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டதற்கு, கையெழுத்து போட்டது நான்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் எல்லாரையும் ஏற்றி அனுப்புங்கள். தேர் புதன்கிழமைதான் என்பது தெரியும். பங்குச் சாமியாரிடம் பேசித் தேரை வியாழனுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்றும் பாருங்கள். தபாலை நம்பாமல் கொள்ளேகால் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்.

வெளியே இருக்கும்வரை தங்கள் அன்புள்ள,
மரியராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது, வாங்குகிறவரிடமிருந்து கம்பெனிக்கு ஃபேக்ஸ் வந்தது. ஊதுபத்தி விஷயத்தில் நாம் நன்றாக வளர்ந்துவிட்டோமாம், அடுத்த மாதத்திலிருந்து நமக்குத் தள்ளுபடி தேவையில்லையாம். நிற்கிற சரக்கை முழு வரி கட்டி எடுத்துக்கொள்வதாக வாங்குகிறவர் எழுதியிருக்கிறார். அதனால் சோதனை இல்லை, அதிகாரி வரவில்லை, என்னையும் யாரும் கூப்பிடப் போவதில்லை. அடுத்த ஆர்டரும் இல்லை. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். பெண்களை அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம், தேரை நிம்மதியாகப் பார்க்கட்டும். உங்கள் நிலத்தில் இந்த வருஷம் எத்தனை பேருக்கு வேலை இருக்கும் என்று மட்டும் எழுதுங்கள். என்னையும் சேர்த்து இருபத்து மூன்று பேர்.