சாவி முத்திரை இல்லாத ரொட்டி

அன்புள்ள மச்சானுக்கு அத்தான் எழுதுவது. இங்கு நான் நலமாக இல்லை. நீயாவது வீட்டாரோடு நலமாக இரு.

உன் அக்கா எங்கள் மகளின் பிரசவத்துக்குப் போனது உனக்குத் தெரியும். போகும்போது, "திருவிழா ரொட்டிய கடையில வாங்கிக்கோங்க. மாவுல கை வைக்காதீங்க, உங்களுக்கு வராது" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள். ரோஷமுள்ள மனுஷன் என்ன செய்வான்? கை வைத்தேன். பாலும் வெண்ணெயும் சர்க்கரையும் உலர்திராட்சையும் போட்டு, தோள்பட்டை கழலப் பிசைந்தேன். நாளை அவள் திரும்பி வந்ததும் ரொட்டியை முன்னால் வைத்து, "யார் செஞ்சது தெரியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்தப் பிறவியில் எனக்கு வேறு ஆசை கிடையாது.

எங்கள் தெருவில் எல்லா வீட்டு மாவும் முனை பேக்கரி அடுப்பில்தான் வேகும். மாறிப் போகாமலிருக்க வீட்டுக்கு வீடு ஓர் அடையாளம். பக்கத்து வீட்டுத் தையற்காரருக்குப் பொத்தான் அச்சு, நமக்கு வாசல் சாவி. உன் அக்கா சாவியை லேசாக ஒற்றி எடுத்துவிடுவாள். நான் அப்படியா? ஆயுசெல்லாம் தபால் ஆபீஸில் முத்திரை குத்தியவன். நன்றாக அழுத்தி, பதியட்டும் என்று அப்படியே விட்டு, துணி போட்டு மூடினேன். மாவு உப்பியதும் துணியோடு தட்டைத் தூக்கிக்கொண்டு கதவை இழுத்துச் சாத்தினேன். சாத்தினாலே பூட்டிக்கொள்கிற சனியன் பிடித்த கதவு அது.

மாலையில் போனால் பேக்கரிக்காரர் ஒரு மொட்டை ரொட்டியை நீட்டுகிறார். மேலே சாவியின் தடமே இல்லை. "இது என்னோடது இல்ல" என்றேன். "எல்லாரும் எடுத்துட்டுப் போயாச்சு சார், மிச்சம் இதுதான். அப்ப உங்களோடதுதானே?" என்கிறார். என்ன நியாயம் இது! வயிறு எரிய ஆலயத்துக்குப் போனால், காணிக்கை மேசையில் நடுநாயகமாகத் தையற்காரரின் ரொட்டி. பொன்னிறம்! பஞ்சு! ஒரு துண்டு வாயில் போட்டதும் விஷயம் விளங்கிவிட்டது. "இந்தப் பதம் என் கைக்குத்தான்யா வரும்! பொத்தான வெச்சு அமுக்கிட்டா உன்னோடதாயிடுமா?" என்று கூட்டத்தில் கேட்டேவிட்டேன். மனிதர் பேந்தப் பேந்த விழித்தார். திருட்டு முழி, வேறென்ன?

வீட்டுக்கு வந்து பையைத் துழாவினால் சாவியைக் காணோம். அதையும் பேக்கரியில் அமுக்கிவிட்டார்கள்! எதிர்வீட்டில் காகிதம் வாங்கி, வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அக்கா என்னை இந்தக் கோலத்தில் பார்த்தால் மானம் கப்பலேறிவிடும். நீ உடனே புறப்பட்டு வந்து அந்த இருவரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேள். சாட்சிக்கு மொட்டை ரொட்டியையும் இதோடு பேருந்தில் அனுப்புகிறேன். ஊரான் வீட்டு ரொட்டி எனக்கெதற்கு?

குழந்தைகளுக்கு என் ஆசி. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

வயிற்றெரிச்சலுடன்,
அத்தான்.

பின்குறிப்பு: ரொட்டியை அனுப்பவில்லை. பசி தாங்காமல் ஓரத்தைப் பிய்த்துத் தின்றேன். நன்றாக இருக்கிறதே என்று நடுவில் கடித்தேன். கடைவாய்ப் பல் உடைந்தது, சாவி கிடைத்தது. உப்பிய மாவு அதை விழுங்கிவிட்டிருக்கிறது. தையற்காரர் வீட்டுக்கு ஓடிப்போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே, என் ரொட்டிய நீங்க புகழ்ந்த மாதிரி என் வீட்டுக்காரிகூடப் புகழ்ந்ததில்ல" என்று கண் கலங்குகிறார். பேச்சுவாக்கில் இருவரும் என் ரொட்டியைத் தின்றே தீர்த்துவிட்டோம். இப்போது உன் அக்காவுக்குக் காட்ட ஒரு துணுக்குகூட இல்லை. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. நீ சாப்பிட்டுப் பார்த்ததாகவும், பிரமாதமாக இருந்ததாகவும் அவளிடம் சொல்லிவிடு. பல்லைப் பற்றி மூச்சு விடாதே.