அன்னப் படகை நான் பிடித்த கதை

பெண் பார்க்கப் போன வீட்டில் ஆண்கள் சொல்லும் பொய்களைத் தொகுத்தால் ஒரு புத்தகமே போடலாம். (என்னுடையதை அட்டையிலேயே போடலாம்.) ஜோலார்பேட்டையில் பவானியின் அப்பா, "பொழுதுபோக்கு இன்னா தம்பி?" என்று கேட்டார். செல்போன் நோண்டுவது என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். சுவரில் சாய்த்திருந்த மூங்கில் தூண்டிலைப் பார்த்துத் தொலைத்தேன். "மீன் புடிக்கிறதுங்க" என்றேன்.

ரயில்வேயில் ஓய்வு பெற்ற மனிதர், முகம் மலர்ந்துபோனார். "அப்ப ஞாயித்துக்கிழமை வேலூர் பார்க்குக்கு வந்துடுங்க. அங்க கொளத்துல தூண்டில் போட உட்றாங்க."

ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. அதைவிட, பவானியை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. பிடித்த பெண்ணுக்காக மீன் பிடித்தே ஆகவேண்டும்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர் நான். நூல் அறுகிறதா என்று இழுத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கடையில் விற்ற தூண்டில் நரம்பை இழுத்துப் பார்த்தேன், திருப்தியில்லை. கனமான பூட்ஸ் தைக்கிற நைலான் நூலில் மிச்சம் கிடந்ததை மேனேஜரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை குளக்கரையில், கம்பு நழுவினாலும் மீன் நழுவக்கூடாதென்று நூலின் மறுமுனையை மணிக்கட்டில் மூன்று சுற்று சுற்றி முடிச்சும் போட்டேன். (முடிச்சையும் இழுத்துப் பார்த்துப் பாஸ் செய்தேன்.)

அரை மணி நேரத்தில் பவானியின் அப்பா இரண்டு ஜிலேபி மீன் பிடித்துவிட்டார். என் மைதா உருண்டை தண்ணீரில் கரைந்ததுதான் மிச்சம். "கொக்கியில மாவு கீதா, இல்லியா தம்பி?" என்றார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பலம்கொண்ட மட்டும் வீசினேன். கொக்கி பறந்துபோய், அந்தப் பக்கம் வந்த அன்னப் படகின் வாலில் மாட்டியது. உள்ளே மிதித்துக்கொண்டிருந்தவர்கள் பவானியும் அவள் அண்ணியும். மாப்பிள்ளையின் திறமையை ரகசியமாகப் பார்க்க வந்தார்களாம்! கொக்கி மாட்டியது தெரியாமல் இன்னும் வேகமாக மிதித்தார்கள்.

"நூல அறுங்க தம்பி!" என்று கத்தினார் அவர்.

அது அறுகிற நூலா? நானே தேர்ந்தெடுத்த நூல். பாசி பிடித்த கரையில் நாலடி ஓடினேன். ஐந்தாவது அடி குளத்துக்குள் விழுந்தது.

"ஐயோ, காப்பாத்துங்க! எனக்கு நீச்சல் தெரியாது! மீன் புடிக்கவும் தெரியாது!"

(சாகப்போகிறவன் எதற்கு மறைக்க வேண்டும்?)

படகு நின்றது. பவானி எட்டிப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "மொதல்ல எழுந்து நில்லுங்க. தண்ணி இடுப்பளவுதான்."

நின்றேன். இடுப்புக்கும் கீழேதான். பூங்காவே கைதட்டியது.

கரையேறியதும் அவர் மழுங்கிய பேனாக் கத்தியால் நூலை அறுத்துப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார், ஒன்றும் நடக்காமல் மணிக்கட்டு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். "பொய் சொல்லிட்டேங்க, மன்னிச்சுடுங்க" என்றேன். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இதுவும் போச்சு என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

பவானி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இவுரு பொய் சொன்னா தண்ணில தள்ளிட்டா போதும்பா. உண்மை தானா வந்துடுது."

அவர் முடிச்சை அவிழ்ப்பதை விடாமலே சொன்னார்: "கைய ஆட்டாதீங்க மாப்ளே."

இன்றும் மாமனார் வீட்டில் மீன் குழம்பு ஊற்றினால், "மாப்ளைக்கு அன்னம் வைங்க" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். போன வருஷம் ஆர்டர் குறைந்து எங்கள் பிரிவில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் நானும் ஒருவன். சாப்பாட்டுப் பையோடு வீட்டு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பவானி வந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"மொதல்ல எழுந்து நில்லுங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்துவிட்டேன்.